உழைச்செல்வார்: கொள்ளைநோய்க் காலமும் தில்லை வட்டாரமும்

தோற்றுவாய்

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரம் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரை ஈந்த தில்லை மரம் இன்றும் நின்று வளரும் காடு இது. இக்காட்டின் சேற்றில் காற்று இல்லை. ஆதலின் வெண்கண்டல் போன்ற மரங்கள் வேர்களைக் கீழ்நோக்கி விடுவதோடு அமையாமல், விரல் விரலாக மேல்நோக்கியும் விடுகின்றன. நீர் வடியும்பொழுது சேற்றின்மேல் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும் அவற்றைத் தாவரவியலார் சுவாச வேர்கள் என்பர். மூச்சு முட்டும் இடத்தில் மரத்துக்கு மூச்சுக் கொணர்தலே அவற்றின் தொழில்.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இதே தொழிலைச் சிதம்பரத்திலும் கடலூரிலும் மனிதர்கள் செய்தனர். கொரோனா என்னும் கொள்ளைநோயால் நுரையீரல் நைந்து, தாமே மூச்சுவிட இயலாத நிலையில் கொண்டுவரப்பட்டவர்களுக்கு அவர்கள் மூச்சுக்கு வழி தேடினர். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசும்பொழுது படுக்கைகளின் எண்ணிக்கையும் கருவிகளின் எண்ணிக்கையும் இறந்தோரின் எண்ணிக்கையும் நினைவுக்கு வருகின்றன. படுக்கையருகே நின்றவர் நினைவுக்கு வருதல் அரிது. அவரைப் பற்றிய வரலாற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து, உணவளவில் தொடங்கி மருத்துவ முறையில் முடிகிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், உழைச்செல்வான் என நான்காமவர் ஒருவரையும் வள்ளுவர் சேர்க்கிறார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தைப் பிழையாது கொடுத்துப் பேணுபவரே உழைச்செல்வான். பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகள் உண்டென விளக்குவார். மருத்துவனுக்குரிய இயல்புகள் நான்கு எனின், அருகிருப்பவருக்குரியனவும் நான்கே. ஒருவர் மேல், மற்றவர் கீழ் என்னும் வேறுபாடு அவ்வுரையில் இல்லை.

இன்றைய தமிழ் அப்பணியைச் செய்பவரைச் செவிலியர் என அழைக்கிறது. இச்சொல் அகத்திணை மரபிலிருந்து எடுத்தாளப்பட்டது. சங்க இலக்கியத்துச் செவிலி, தலைவியைப் பெறாமலே வளர்ப்பவள். நற்றாய்க்கு இணையாக உறங்காமல் கவலையுறுபவள். பெறாத பிள்ளைக்காக வருந்தும் ஒருத்தியின் பெயரை மருத்துவமனைப் பணிக்கு வைத்தவர்கள் சொல்லின் பொருளை உணர்ந்தே வைத்தனர் எனலாம். உறவினர் எவரும் நுழையலாகாது என்று கதவடைக்கப்பட்ட கொரோனாப் பிரிவுகளில் அப்பெயர் தன் பழம்பொருளை முழுமையாக மீட்டுக்கொண்டது.

கருவிகள் இல்லாத காலம்

1918-இல் உலகைச் சூழ்ந்த இன்ஃபுளுயன்சாக் காய்ச்சல் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் புகுந்தது. செப்டம்பர் முதல் அது மிகக் கொடியதாயிற்று. இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 2 கோடி வரையிலானோர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பம்பாய் மாகாணத்தோடு ஒப்பிடுகையில் சென்னை மாகாணத்தின் இழப்புக் குறைவே. ஆயினும் ஊர்தோறும் சாவு நிகழ்ந்தது.

அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி இல்லை. அருகே புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஒன்று இருந்தது. மருத்துவமனையை அடைந்தவருக்கும் அங்குச் செய்யத்தக்கது மிகுதியாக இல்லை. நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ் என்பதே 1933-இல்தான் ஐயமறத் தெளிவாயிற்று. நுரையீரல் அழற்சியை அடக்கும் மருந்து இல்லை. ஆக்சிஜனை முறையாக ஊட்டும் வழியை, முதல் உலகப் போரில் நச்சுப்புகையால் மூச்சிழந்த வீரர்களுக்காக ஹால்டேன் என்னும் அறிஞர் 1917-இல் வெளியிட்டிருந்தார். அது நம் ஊர் மருத்துவமனைகளை எட்டப் பல்லாண்டுகள் ஆயின.

அக்காலத்தில் எஞ்சியிருந்தது நான்காம் கூறு ஒன்றே. வீட்டுப் பெண்கள் கஞ்சி காய்ச்சி ஊட்டினர்; நெற்றியில் ஈரத்துணி இட்டனர்; இரவில் விழித்திருந்தனர். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகி, முன்பே அம்மை வார்த்த ஒருவரை மட்டும் நோயாளியின் அருகே விடும் வழக்கம் தமிழகத்துக்குப் பழையது. தனிமைப்படுத்தலும் பேணுதலும் அவ்வழக்கத்தில் ஒருங்கே அமைந்திருந்தன. நோயாளி தனியறையில் இருந்தாலும் தனியராக இருந்ததில்லை.

1957-இல் வந்த அடுத்த பெருந்தொற்றோ தமிழகத்தின் கரையிலேயே முதலில் இறங்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்த ராஜுலா என்னும் கப்பலின் பயணிகளோடு அக்காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்தது. மலாயாவுக்கும் சிங்கைக்கும் பிழைக்கச் சென்ற தமிழரை நெடுங்காலம் ஏற்றியிறக்கிய கப்பல் அது. 1958 பிப்ரவரி வரையில் இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் இறந்ததாகவும் குன்னூர் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஐ. ஜி. கே. மேனன் பதிவு செய்துள்ளார். நோய் தணிந்ததாக இருந்தமையால் உயிர்கள் பிழைத்தன. மூச்சு நின்றுவிடும் நிலையில் உள்ளவரைக் காப்பாற்றும் கலை அதற்குள் உலகின் வேறொரு மூலையில் தோன்றிவிட்டிருந்தது. தோற்றுவித்ததும் ஒரு வைரஸ் கொள்ளைநோயே.

கோபன்ஹேகன் மாணவர்கள்

1952-ஆம் ஆண்டின் கோடையில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பெருகிப் பரவியது. கைகால்களை முடக்குவதோடு நில்லாமல், மூச்சுத் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் அது செயலிழக்கச் செய்தது. நகரின் தொற்றுநோய் மருத்துவமனையாகிய பிளெக்டாமில் உடலை உள்ளடக்கி மூச்சு இயக்கும் இரும்புப் பெட்டி ஒன்றும், மார்பின்மேல் பொருத்தும் சிறு கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. மூச்சுத் திணறலோடு வந்த முதல் 31 பேருள் 27 பேர் மூன்றே நாள்களில் இறந்தனர்.

தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்தியல் மருத்துவரை ஆகஸ்டு இறுதியில் அழைத்துக் கருத்துக் கேட்டார். அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவருக்குத் தாம் நாள்தோறும் செய்வதை இங்கும் செய்யலாம் என்றார் இப்சன். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, அதனோடு ரப்பர்ப் பை ஒன்றைப் பொருத்தி, அதைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துதலே அம்முறை. உயிர் பிரியும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதைச் செய்து காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

முறை கிடைத்தது, பையை அமுக்குவது யார் என்னும் கேள்வி எழுந்தது. ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை அவ்வாறு கிடந்தனர். ஒவ்வொருவருக்கும் இரவும் பகலும் ஒரு கை வேண்டும். மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாக ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து வந்து அமர்ந்தனர். அவர்கள் அமுக்கிய நேரம் மொத்தம் 1,65,000 மணி எனக் கணக்கிட்டுள்ளனர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் இறந்த நிலை மாறி, இறப்பு பத்தில் நான்காகவும் பின்னர் அதற்கும் கீழாகவும் குறைந்தது. இப்பட்டறிவைக் கொண்டு 1953 டிசம்பரில் அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு எனப் பலரும் கொள்வர்.

தீவிர சிகிச்சை என்றவுடன் இன்று பலர் மனத்தில் எழுவது இயந்திரங்களின் தோற்றம். ஆயின் அச்சிகிச்சை கைகளில் பிறந்தது. அக்கைகளின் வேலையைப் பின்பற்றவே இயந்திரங்கள் வந்தன. பட்டம் பெறாத மாணவர்கள் உழைச்செல்வாராக அமர்ந்தமையால் பிறந்த மருத்துவம் அது. அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தில்லை வட்டாரத்தில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை துணை செய்யும்.

தில்லையில் ஒரு மருத்துவமனை

சிதம்பரத்தின் கிழக்கே உள்ள அண்ணாமலை நகர், தமிழுக்கும் தமிழிசைக்கும் பேர்பெற்ற இடம். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் வளாகத்தில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. புவனகிரி, பரங்கிப்பேட்டை, கிள்ளை, காட்டுமன்னார்கோயில் ஆகிய ஊர்களின் மக்களுக்கும், கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள சீர்காழிப் பகுதி மக்களுக்கும் பெருமருத்துவமனை என்றால் அதுவே. பிச்சாவரத்து உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் நின்று கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட கடற்கரைச் சிற்றூர்களுக்கும் அதுவே புகலிடம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பல்கலைக்கழகம் தமிழக அரசின் பொறுப்பில் வந்தது.

2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 7 அன்று தமிழகத்தில் முதல் நோயாளி அறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பிச்சாவரத்தில் படகுகள் கரையில் கட்டப்பட்டன. கடலூர் மாவட்டத்துக்கு நோய் பெருமளவில் வந்த வழி வயிற்றுப் பிழைப்பின் வழி. சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் சுமை தூக்கியும் கடைகளில் வேலை செய்தும் பிழைத்த இம்மாவட்டத் தொழிலாளர்கள், அங்கு நோய் பரவியதும் கிடைத்த வண்டிகளில் ஏறி ஊர் திரும்பினர். மே மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இம்மாவட்டத்தில் நோய் உறுதியாயிற்று. 1957-இல் கப்பலில் வந்தது போல இம்முறை லாரியில் வந்தது. இரு முறையும் சுமந்து வந்தவர் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவரே.

அண்ணாமலை நகர் மருத்துவமனை கடலூர் மாவட்டத்தின் முதன்மையான கொரோனா சிகிச்சை இடங்களுள் ஒன்றாயிற்று. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் மற்றைய புகலிடங்கள். படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த பயிற்சி மருத்துவர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் மூத்த மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளரோடு நோய்ப்பிரிவுக்குள் நுழைந்தனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் நிவர் புயலும், அடுத்துச் சில நாள்களில் புரெவிப் புயலின் பெருமழையும் வந்தன. நடராசர் கோயிற் பிராகாரத்திலேயே வெள்ளம் நின்றது. ஊர் வெள்ளத்தில் இருந்தபொழுதும் நோய்ப்பிரிவில் முறைமாற்றம் நின்றதில்லை. ஒரு முறையார் வெளியேறின் அடுத்த முறையார் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதே அப்பணியின் இயல்பு.

படுக்கையருகே

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபு சொல்லும் கணக்கு. நிமிடத்துக்கு வகுத்தால் 15. இன்றைய மருத்துவம் நலமுள்ளவருக்குச் சொல்லும் அளவும் ஏறத்தாழ இதுவே. கொரோனாவில் நிமிடத்துக்கு 24 மூச்சு என்றால் நோய் நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமை. இதை எண்ண இயந்திரம் வேண்டியதில்லை. மார்பு எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் அருகில் நின்றால் போதும். பார்க்க ஒருவர் வேண்டும் என்பதே நிபந்தனை.

இந்நோய்க்கு ஒரு வஞ்சம் இருந்தது. குருதியில் ஆக்சிஜன் குறைந்த பிறகும் சில நோயாளிகள் திணறல் உணராமல் பேசிக்கொண்டிருப்பர். சிறிது நேரத்தில் சரிந்துவிடுவர். விரல் நுனியில் மாட்டும் சிறு அளவி அதைக் காட்டிக்கொடுத்தது. 94-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 90-க்குக் கீழே என்றால் பேராபத்து. ஊசி குத்தாமல் குருதியின் ஆக்சிஜனை அளக்கும் இம்முறையை 1974-இல் கண்டறிந்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி, 2020 ஏப்ரல் 18 அன்று, உலகமே தம் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், 84-ஆம் வயதில் காலமானார். சொல் இல்லாமலே நோயாளியின் நிலையைச் செவிலியருக்குச் சொல்லும் மொழியை உலகுக்குத் தந்தவர் அவர்.

கடுமையான நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தல் இச்சிகிச்சையின் இன்றியமையாத கூறு. குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப்புறப் பகுதிகள் அழுத்தம் நீங்கி விரிகின்றன. அங்குக் காற்றும் குருதியும் நன்கு சேர்கின்றன. செயற்கைச் சுவாசத்தில் இருப்போரை நாளொன்றுக்கு 16 மணி நேரமேனும் இவ்வாறு கிடத்தினால் இறப்புப் பெரிதும் குறையும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2013-இல் மெய்ப்பித்திருந்தனர். இதற்கு மருந்துச் செலவு இல்லை. ஆனால் தொண்டைக்குழாயும் ஊசிக்குழாய்களும் நழுவாமல், மயக்கத்தில் கிடக்கும் ஒருவரைப் புரட்ட ஐந்தாறு பேர் ஒரே மூச்சில் இயங்க வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண் சொல்ல, மற்றவர் தூக்குவர். பின்னர்க் கன்னத்திலும் முழங்காலிலும் புண் வாராமல் துணி மடித்து வைக்க வேண்டும். கண்கள் உலராமல் மூட வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். உடல் முழுதும் மூடிய காப்புடைக்குள், வியர்வையில் நனைந்து, மணிக்கணக்கில் நீர் அருந்தாமல் இதைச் செய்தனர்.

மருந்தின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரும் ஆய்வொன்று, டெக்சாமெத்தசோன் என்னும் பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருப்போரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெறுவோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதைக் காட்டியது. சில ரூபாய்களில் கிடைக்கும் மருந்து அது. மாறாக, 2021-இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்று தேடியது ரெம்டெசிவிர் என்னும் விலையுயர்ந்த மருந்தை. அதனை உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது. வரிசையில் நின்றவரைக் குறை கூறுதல் தகாது. உள்ளே செல்ல விடப்படாத உறவினர் வெளியே நின்று செய்யக்கூடியது அது ஒன்றே என நம்பினர். உழைச்செல்லும் உரிமையை இழந்தவரின் தவிப்பே அவ்வரிசை.

தமிழ்ச் செய்தித்தாள்கள் உயிருக்குப் போராடுவோரின் நிலையைக் கவலைக்கிடம் என எழுதும். நோயாளியைக் குறித்த சொல்லே ஆயினும் அதன் உள்ளே இருப்பது பார்த்து நிற்பவரின் கவலை. கொரோனாப் பிரிவில் அக்கவலையைப் படுவதற்கு உறவினர் உள்ளே இல்லை. செவிலியரே கைப்பேசியைப் பிடித்து மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டினர், நீர் புகட்டினர், இறுதியில் கண்களையும் மூடினர். உறையில் பொதிந்த உடலைத் தொலைவில் நின்று கண்டு குடும்பத்தார் திரும்பினர். அந்தக் கடைசி மணித்துளிகளில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிந்த ஒரே சாட்சி அருகிருந்த செவிலியரே.

மூச்சுக்குக் கணக்கு

2021 ஏப்ரலில் எழுந்த இரண்டாம் அலை முதலாவதைவிட மிகக் கொடியது. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் உறுதியாயிற்று. சென்னை அரசு பொது மருத்துவமனையின் வாயிலில் நோயாளிகளோடு ஆம்புலன்சுகள் வரிசையில் காத்துக்கிடந்தன. ஆக்சிஜன் என்னும் சொல் அன்று ஊர்தோறும் திண்ணைப் பேச்சாயிற்று.

அத்தட்டுப்பாட்டின் காரணத்தை எளிய கணக்கால் உணரலாம். பெரிய சிலிண்டர் ஒன்றில் 7,000 லிட்டர் ஆக்சிஜன் அடங்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் பெறும் நோயாளிக்கு அது ஏறத்தாழ ஒரு நாளைக்கு வரும். மூக்கின் வழியே மிகுவேகத்தில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை பெறும் கடுமையான நோயாளிக்கோ இரண்டு மணி நேரத்துக்கும் போதாது. ஆகவே பெருமருத்துவமனைகள் சுழியத்துக்குக் கீழ் 183 பாகையில் குளிர்ந்து நீர்மமான ஆக்சிஜனைத் தொட்டியில் வைத்திருக்கின்றன. ஒரு லிட்டர் நீர்மம் 860 லிட்டர் அளவு வளியாக விரியும். அந்நீர்மத்தைக் கொணரத் தொடர்வண்டிகள் ஓடின. துர்காபூரிலிருந்து 80 டன் ஆக்சிஜனோடு முதல் வண்டி மே 14 அன்று சென்னைத் தண்டையார்பேட்டைக்கு வந்தது. ஐம்பூதத் தலங்களுள் வெளியைக் குறிப்பது சிதம்பரம். அத்தலத்து மக்களும் காற்றை எடை போட்டு வாங்க வேண்டிய காலம் அது.

ஆக்சிஜன் வந்த பின்னும் அதை அளந்து விடவும், குழாய் மடிந்ததா எனப் பார்க்கவும், அடுத்த சிலிண்டரை உரிய வேளையில் மாற்றவும் ஆள் வேண்டும். செயற்கைச் சுவாசத்தில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே நெறி. அலையின் உச்சத்தில் அந்நெறி எங்கும் நிற்கவில்லை. ஒருவர் பலரைப் பார்த்தார். கருவிகளை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். பழகிய செவிலியரை ஒரு மாதத்தில் உண்டாக்குதல் இயலாது.

மறதியின் வரலாறு

இப்பணியாளரை அக்காலம் எவ்வாறு நடத்தியது என்பதையும் வரலாறு சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் 2013-இலேயே அரசின் பொறுப்பில் வந்திருந்தும், அண்ணாமலை நகர் மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.44 லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்தி வந்தனர். பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது ஏறத்தாழ 13,600 ரூபாய். நாற்பது மடங்கு வேறுபாடு. கொள்ளைநோய் நோயாளிகளை அரசு மருத்துவமனை போல ஏற்றுச் சிகிச்சையளித்த இடத்தில் கட்டணம் மட்டும் தனியார் கல்லூரி போல இருப்பது எவ்வாறு பொருந்தும் என்னும் கேள்வியோடு 2020 டிசம்பரில் மாணவர்கள் போராடத் தொடங்கினர். போராட்டம் ஐம்பது நாள்களைத் தாண்டி நீடித்தது. 2021 ஜனவரி இறுதியில் கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ்க் கொண்டுவர அரசு ஆணையிட்டது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. உப்பங்கழிச் சிற்றூரிலிருந்து ஒரு பிள்ளை அங்கு மருத்துவம் பயில வழி திறந்தது அப்போராட்டத்தின் பயன். அடுத்த மூன்றே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தது. நோய்ப்பிரிவுக்கு அதே இளையோரின் கைகள் தேவையாயின.

செவிலியர் வரலாறு இத்துணை இனிதாக முடியவில்லை. கொள்ளைநோயை எதிர்கொள்ளத் தமிழக அரசு தற்காலிகமாக அமர்த்திய செவிலியருள் ஏறத்தாழ 2,400 பேரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடித்துவைக்கப்பட்டது. 2023 புத்தாண்டை அவர்கள் போராட்டக் களத்தில் தொடங்கினர். பின்னர் வேறு திட்டங்களில் ஒப்பந்தப் பணி தர அரசு முன்வந்தது. அவர்கள் கேட்டதோ நிலையான பணி. பணியமர்த்தும் விதிகள், நிதிநிலை எனக் காரணங்கள் கூறப்பட்டன. காரணங்கள் எவையாயினும், அலை எழுந்தபொழுது பூத்தூவி வாழ்த்தப்பட்டவர்கள் அலை வடிந்தபொழுது உபரியாகக் கருதப்பட்டனர் என்பது மறைக்க இயலாத செய்தி. வள்ளுவர் வகுத்த நான்கனுள் மூன்றுக்கு நிதி ஒதுக்கி நான்காவதை நாள்கூலியாக வைத்திருக்கும் மருத்துவம், அடுத்த கொள்ளைநோயிலும் ஆளின்றித் தவிக்கும்.

முடிவுரை

தமிழகத்தில் கொரோனாவால் இறந்தோர் என அரசு பதிவு செய்துள்ள எண்ணிக்கை 38 ஆயிரத்துக்கும் மேல். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிரோடு வெளியே வந்தோருக்கு அவ்வாறு நினைவில் நிற்கும் எண் ஒன்றும் இல்லை. பிழைத்து வந்தவர் பலருக்கும் தம்மைப் பேணியவரின் முகம் தெரியாது. காப்புடைக்குள் கண்கள் மட்டுமே தெரிந்தன. முகவுறைக்குமேல் கண்ட அந்தக் கண்களைத்தான் அவர்கள் நினைவில் வைத்துள்ளனர். கோபன்ஹேகனில் பை அமுக்கிய 1,500 மாணவருள் மிகப் பலரின் பெயரும் இவ்வாறே மறைந்தது. இப்சனின் பெயர் நின்றது, எண்ணிக்கை நின்றது, கைகளுக்குரியவர் மறைந்தனர்.

இம்மலர் நினைவுகூரும் பத்தாண்டுகளுள் இரண்டு ஆண்டுகள் அக்கொள்ளைநோய்க்கு உரியன. அக்காலத்தில் கவிஞர் பலர் ஊரடங்கின் தனிமையைப் பாடினர். நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரைப் பாடினர். அவை பாடப்பட வேண்டியனவே. நோய்ப்பிரிவின் கதவுக்கு அப்பால் நிகழ்ந்ததைப் பாட, கவிஞர் எவரும் அங்கு இருந்ததில்லை. இருந்தவர் இன்றும் நம் ஊர்களிலேயே வாழ்கின்றனர். புவனகிரிப் பேருந்தில் முறைப்பணி முடிந்து உறங்கிக்கொண்டே வீடு திரும்பும் செவிலியர், பரங்கிப்பேட்டையில் பணி கிடைக்குமெனக் காத்திருப்பவர், கிள்ளையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் எனப் பலராக அவர்கள் உள்ளனர். அவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. அகப்பாடல் செவிலிக்கெனத் தனிக் கூற்று வகுத்து அவளைப் பேசவைத்த மொழி தமிழ். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செவிலி கூற்றுக்கு இடம் தந்த இலக்கியத்தில், 2021-ஆம் ஆண்டின் செவிலி கூற்றுக்கும் இடம் உண்டு. அதை எழுதித் தருதல் இவ்வட்டாரத்துக் கவிஞரின் கடன்.